எஃப்ளக்ஸ்னா பேனர் இல்ல கண்ணு

ஏங்கண்ணு, கடை வாடகைப் பத்திரத்துல ‘எஃப்ளக்ஸ்’னு ஒண்ணு இருக்குது, அப்ப ஃபிளக்ஸ் பேனர் செலவு ஓனரோடதுதான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறயாமே? நீ கேட்டப்பச் சிரிக்காம நின்னாரே பத்திர எழுத்தர், அவருக்கு ஒரு டீயாவது வாங்கிக் குடு.

அது வெள்ளைக்காரன் 1882-ல போட்ட சொத்து மாற்றுச் சட்டத்துல, 111-ஆம் பிரிவுல குந்தியிருக்கற சொல்லு. குத்தகை எப்படியெல்லாம் முடியும்னு அதுல வரிசையா எழுதியிருக்கான். மொத வரியே இதுதான்: பேசின காலம் ஓடித் தீந்து போறது. லத்தீன்ல வெளியே ஓடறதுன்னு அர்த்தமாம். சாயப்பட்டறைத் தண்ணிய அதிகாரிக ‘எஃப்ளுவென்ட்’டும்பாங்களே, அதுவும் இதுவும் பங்காளிக. 2011-ல பட்டறைகளை மூடச் சொல்லி ஹைகோர்ட்டு உத்தரவு போட்டப்ப, திருப்பூர்ல அந்தப் பேரு தெரியாத ஆளே இல்ல.

இங்கிலீசுக்காரனே இதைச் சந்தையில பேசமாட்டான். அவனுக்கும் ‘அவுட்ஃப்ளோ’தான் வாய்க்குச் சுளுவு. இது வக்கீல் வூட்லயும் மருந்துப் படிப்புலயும்தான் கெடக்குது. நாம முழுங்கற மாத்திரையைச் சில கிருமி வெளியே எறைச்சுக் கொட்டிருமாம், அதுக்கு ‘எஃப்ளக்ஸ் பம்ப்’புனு பேரு வெச்சிருக்காங்க. கிருமிக்கு இருக்கற சூதானம் உனக்கு இல்லியே!

சட்டக்காரன் தந்திரத்தைப் பாரு. ‘ஓனரு தொரத்தினாரு’ன்னு எழுதலை, ‘நீ போயிட்டே’ன்னும் எழுதலை. காலம் தானா ஓடிப்போச்சாம், யாரு மேலயும் குத்தமில்லையாம். கெடு எழுதாத மாசவாடகைக்காச்சும் 15 நாள் நோட்டீசு உண்டு. கெடு எழுதிக் கையெழுத்துப் போட்டவனுக்கு அந்தச் சட்டத்துல அதுவும் இல்ல. நீதான் 11 மாசம்னு கண்ணை மூடிட்டுப் போட்டிருக்கயே. ஒரு வருசத்தைத் தாண்டினாப் பதியோணும், அந்தச் செலவை மிச்சம் புடிக்கக் கண்டுபுடிச்ச கணக்கு அது. 2017-ஆம் வருசத்துத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அமலுக்கு வந்தப்புறம் டவுனுல 11 மாசத்தையும் வாடகை அதிகாரிகிட்டப் பதியச் சொல்றாங்க. பதியாமத் தப்பிக்கலாம்ங்கற நெனப்பும் போச்சு.

ஒரு சந்து இருக்குது. கெடு முடிஞ்சும் ‘இருந்துட்டுப் போ’ன்னு சம்மதிச்சு ஓனரு வாடகையை வாங்கிட்டாருன்னா, 116-ஆம் பிரிவுப்படி கடைக்கு மாசத்துக்கு மாசம் குத்தகை நீளும். அதனால கையில காசைத் திணிச்சுட்டு வராத, ரசீது கேளு. ரசீது குடுக்க மூஞ்சி சுளிச்சாருன்னா, அவரும் 111-ஐப் படிச்சிருக்காருன்னு வெச்சுக்க.

அதுக்கெல்லாம் முன்னால, கெடு முடிய ரெண்டு மாசம் இருக்கறப்பவே புதுப் பத்திரத்துக்கு வாயைத் தொற. ஓனரு பையனுக்குப் பொண்ணு நிச்சயமாயிருச்சாம். வர்ற மருமவளுக்குப் பொடவைக்கடை வெக்க ஆசையாம். உன்ற கடை வேற மூலைக்கடை.