‘சில பிழைகள் களையப்பட்டன’: ஒரு நூற்பாவும் மூன்று உரைகளும்

1. தோற்றுவாய்

தமிழில் நூல் சுருங்கச் சுருங்க உரை பெருகும். ஏழு சீர்க் குறளுக்குப் பழைய உரையாசிரியர்கள் மட்டும் பதின்மர் என்பது மரபு. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணரில் தொடங்கிச் சேனாவரையர், நச்சினார்க்கினியர் எனப் பலர். இவர்களில் ஒருவர் கையிலும் அகப்படாத ஒரு நூற்பா, மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மும்பைச் செம்பூரில் என் வீட்டு ரூட்டரைப் புதுப்பிக்கும் பக்கத்தில் கிடைத்தது. முழு நூலும் இவ்வளவுதான்:

“சில பிழைகள் களையப்பட்டன. நிலைத்தன்மை மேம்பட்டது.”

மூலம் ஆங்கிலம், மொழிபெயர்ப்பு என்னுடையது. ஆசிரியர் பெயர் இல்லை, ஊர் இல்லை, பாயிரம் இல்லை. ஆய்வுக்கு இதைவிட வளமான நிலம் வேண்டுமா? எனவே எல்லை வகுத்துக்கொண்டேன். தெற்கே மாட்டுங்கா, வடக்கே தாராவி, கிழக்கே செம்பூர். மேற்கெல்லை எது எனின், கேபிள்காரருடைய வயர் போகும் தூரம் என்க.

2. சொல்லாராய்ச்சி

ரூட்டருக்குள் உறைந்திருக்கும் நிரலுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். 1967இல் ‘டேட்டாமேஷன்’ இதழில் ஆஷர் ஆப்ளர் என்பவர் இட்ட பெயர் அது. வன்பொருளும் அல்லாமல் மென்பொருளும் அல்லாமல் இடைப்பட்டு உறுதியாக நிற்பது என்பது கருத்து. தமிழில் ‘நிலைபொருள்’ என்கிறார்கள். நிலைபொருளுக்கு ஆண்டுக்கு இருமுறை நிலைத்தன்மை மேம்படுகிறது என்றால், முன்பு இருந்தது என்ன பொருள் என்ற வினா எழும். அதை இலக்கணிகளுக்கு விட்டுவிடுகிறேன்.

3. பதவுரை

‘சில’ என்பது ஒன்றுக்கு மேற்பட்டது; மூன்றும் ஆகலாம், முந்நூறும் ஆகலாம். ‘பிழைகள்’ எவை என்று சொல்லவில்லை. சொன்னால் இதுவரை இருந்தன என்று ஒப்புக்கொண்டதாகும். ‘களையப்பட்டன’ என்பது செயப்பாட்டு வினை. களைந்தவர் தோன்றவில்லை, விதைத்தவரும் தோன்றவில்லை. ‘பிழைகள் எல்லாம்’ என்னாது ‘சில’ என்றமையால் எஞ்சியவை உள்ளே நலமாக இருக்கின்றன என்பது பெற்றாம்.

4. பாட வேறுபாடு

சங்கப் பாட்டுப் பாடிய ஔவையாரும் ஆத்திசூடி செய்த ஔவையாரும் ஒருவர் அல்லர் என்பது ஆய்வாளர் முடிபு. நூற்றாண்டுகள் வேறு, பெயர் ஒன்று. ரூட்டரும் அவ்வாறே. அட்டைப்பெட்டியில் பெயர் ஒன்றுதான். கடையில் விலையும் ஒன்றுதான். ஆனால் கருவியைக் கவிழ்த்துப் பார்த்தால், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில் வி-1, வி-2, வி-3 என்றிருக்கும். உள்ளே இருக்கும் சில்லு வேறு, நினைவகம் வேறு. முதல் ஔவைக்கு உரிய கோப்பை மூன்றாம் ஔவைக்கு ஏற்றினால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார். இந்தச் செய்தி கையேட்டில் எங்கும் இல்லை. கருவியைக் குளியலறையில் பயன்படுத்தாதீர் என்பது மட்டும் பல மொழிகளில் இருக்கிறது.

எண்ணிலும் இடர் உண்டு. என்னிடம் இருந்தது 1.9, புதியதாக வந்தது 1.10. கணக்கு வாத்தியாரிடம் கேட்டால் 1.9தான் பெரிது என்பார். ரூட்டர் உலகில் புள்ளிக்கு அப்பால் ஒன்பதுக்கு அடுத்தது பத்து. அரை நாள் நான் பின்னோக்கிப் போகிறேனோ என்று அஞ்சி உட்கார்ந்திருந்தது இதனால்தான்.

5. களஆய்வு

“புதுப்பிக்கும்போது மின்சாரம் தடைப்படக் கூடாது” என்றது திரை. மும்பையில் மின்சாரம் போவது அரிது; போனால் அது வரலாறு. 2020 அக்டோபர் 12 காலை போனபோது லோக்கல் ரயில்களே நின்றன. ஆகவே துணிந்து பொத்தானை அமுக்கினேன். 47 சதவீதத்தில், சட்னி அரைக்க மிக்சிக்கு இடம் வேண்டி, அம்மா பிளக்கைப் பிடுங்கினாள். நகர மின்தொகுப்பு குறித்த என் ஆய்வு, சமையலறைச் சுவரைக் கணக்கில் கொள்ளவில்லை.

விளைவைச் செம்பூர்வாசிகளுக்குச் சொல்வது எளிது. தெருவுக்கு ஒரு கட்டடம் மறுகட்டுமானத்துக்குப் போகும் பேட்டை இது. என் ரூட்டரும் பழைய நிரலை அழித்துவிட்டுத்தான் அதே மனையில் புதியதை எழுதுகிறது. நடுவில் மின்சாரம் நின்றால், பழைய கட்டடம் இடிந்தாயிற்று, புதியது எழவில்லை. வாசலில் வாட்ச்மேன் மட்டும் நிற்பார். அந்த வாட்ச்மேனுக்குப் பெயர் பூட்லோடர். அவரை யாரும் இடிப்பதில்லை. ஆனால் அவரிடம் எப்படிப் பேசுவது என்றும் யாரும் எழுதி வைப்பதில்லை. கையேடு சொன்னது ஒரே வரி: “மீட்பு முறையைப் பயன்படுத்தவும்.”

6. உரைகள்

மாட்டுங்கா உரை: கிங்ஸ் சர்க்கிள் அருகே குடியிருக்கும் மாமா, சென்ட்ரல் ரயில்வேயின் மாட்டுங்கா பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “ஓடிண்டிருக்கறதை எதுக்குடா தொட்டே?” என்பது அவர் உரையின் முழுப் பாடம். எதிர்க் கேள்வி கேட்டால் ஃபில்டர் காபி வரும், விடை வராது. ஆயினும் இது பழமையான, மதிக்கத்தக்க மரபு. உலகின் பெரும்பாலான ரூட்டர்கள் இந்த உரையைப் பின்பற்றியே கடைசி மூச்சு வரை ஓடுகின்றன.

செம்பூர் உரை: எதிர் வீட்டு ஐ.டி. பெண்ணுடையது. “தொடாம விடவே கூடாது அங்கிள்” என்று அவள் மறுத்தாள். 2018 மே மாதம் ‘விபிஎன்ஃபில்டர்’ என்ற தீநிரல் குறைந்தது 54 நாடுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரூட்டர்களிலும் சேமிப்புக் கருவிகளிலும் புகுந்திருப்பது வெளிப்பட்டது என்று சான்று காட்டினாள். அப்போது அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. மக்களுக்குச் சொன்ன முதல் அறிவுரை: ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். எங்கள் கேபிள்காரர் எந்தப் புகாருக்கும் “பந்த் கர்கே சாலு கரோ” (அணைத்துப் போடு) என்று ஃபோனை வைத்துவிடுவதை இத்தனை ஆண்டு சோம்பல் என்று கருதியிருந்தேன். இரு பெரும் மரபுகள் தனித்தனியே ஒரே உண்மையை அடைந்த இடம் இது.

வாட்ச்மேனிடம் பேசும் மொழியையும் அவளே சொன்னாள்: டி.எஃப்.டி.பி. 1981இல் வரையறுக்கப்பட்டு 1992இல் திருத்தப்பட்ட நெறி. பெயரின் முதல் எழுத்துக்கே ‘அற்பமான’ என்று பொருள். 512 பைட்டுகளாகக் கோப்பை நறுக்கி, ஒரு துண்டு சேர்ந்ததாகச் சேதி வந்த பிறகே அடுத்த துண்டை அனுப்பும். கடவுச்சொல் கேட்காது, என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்ற பட்டியலும் தராது. பெயரை எழுத்துப் பிசகாமல் சொன்னால் உண்டு, இல்லையேல் இல்லை. வாட்ச்மேன் தம் பதிவேட்டில் உள்ள ஒரே பெயரைத்தான் கேட்பார். அந்தப் பெயர் என்ன? இங்கே செம்பூர் உரையும் மௌனமாயிற்று. என் கோப்புக்கு நான்கு பெயர் இட்டுப் பார்த்தேன். நான்கும் வாசலிலேயே திரும்பின.

தாராவி உரை: தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கத்து இளைஞர்; தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம்; தொழில் படித்தது லேமிங்டன் ரோட்டுக் கடைகளில். வந்தவர் கையேட்டைத் தொடவில்லை. கருவியைக் கவிழ்த்து எந்த ஔவை என்று பார்த்தார். வைஃபையை நம்பாமல் கேபிளைச் செருகினார். என் கணினிக்கு நிலையான முகவரி ஒன்று கொடுத்தார். சட்டைப் பையிலிருந்து நிமிர்த்திய ஊக்கு ஒன்றை எடுத்து, பின்புறத் துளைக்குள் அழுத்திப் பிடித்தபடியே சுவிட்சைப் போட்டார்.

“ஃபைல் பேர் தெரியாதே தம்பி?” என்றேன்.

“நாம எதுக்கு அண்ணாச்சி பேரைத் தேடணும்? அதுவே கேக்கும். என்ன கேக்குன்னு மட்டும் பாருங்க.”

திரையில் ஒரு வரி ஓடியது. ரூட்டர் தனக்கு வேண்டிய கோப்பைப் பெயர் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தது. கிடைக்காமல் மறுபடி கேட்டது. அதற்கு முன் நான்கு முறையும் இப்படியே கேட்டிருக்க வேண்டும். நான் பெயர் சூட்டுவதில் மும்முரமாக இருந்ததால் காதில் விழவில்லை. கோப்புக்கு அதே பெயரை இட்டோம். சில நிமிடங்களில் பச்சை விளக்கு எரிந்தது. அம்மா இட்லி கொடுத்தாள். மிக்சி அன்று முழுவதும் பால்கனியில் ஓடியது.

7. முடிபுகள்

நூல் இருண்டிருப்பதற்கு ஆசிரியரின் கர்வமோ வன்மமோ காரணம் என்ற கருதுகோளோடு இவ்வாய்வைத் தொடங்கினேன். இந்த அறிவு ஏட்டில் ஏறாது, ஊக்கும் சட்டைப் பையுமாகக் குருவிடமிருந்து சீடருக்கே போகும் என்ற இரண்டாம் கருதுகோள் பிறகு தோன்றியது. அந்த மரபை உடைத்து, வருங்காலத் தலைமுறைக்காக முழுச் செய்முறையையும் எழுதி வைப்பது என்று தீர்மானித்து, பழைய டெலிஃபோன் டைரியின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன்.

அங்கே ஏற்கெனவே ஒரு குறிப்பு இருந்தது. தேதி மூன்று ஆண்டுகளுக்கு முந்தியது. “ரூட்டர்: பின்னால் குத்திப் பிடி. விளக்கு மாறினதும் விடு. மீதி போன தடவை மாதிரி.”

எந்தத் துளை? எத்தனை விநாடி? ஐந்து விளக்குகளில் எது? எந்தப் போன தடவை? கையெழுத்து என்னுடையது. பாட வேறுபாடு இல்லை, இடைச்செருகலும் இல்லை. எழுதிய அன்று ஒவ்வொரு சொல்லும் பட்டப்பகல் போல விளங்கியிருக்க வேண்டும். செய்து முடித்த கை, இது மறக்கக்கூடியது என்பதை நம்புவதில்லை. அந்தப் பெயரில்லாத நூலாசிரியரும் தம் வேலை முடிந்த மாலையில், இதற்குமேல் என்ன சொல்ல வேண்டும் என்று எண்ணித்தான் அந்த இரண்டு வாக்கியங்களையும் எழுதியிருப்பார் என்பது துணிபு.

பேனாவை எடுத்து, பழைய குறிப்புக்குக் கீழே இந்த ஆண்டின் கண்டுபிடிப்பைச் சேர்த்தேன்: “பெயரை அதுவே கேட்கும்.”

ஒருமுறை படித்துப் பார்த்தேன். தெளிவாகத்தான் இருக்கிறது.