பழைய நேரமோ, புதிய நேரமோ?

மார்ச் மாதத்து இரண்டாவது ஞாயிறு. ஸ்காபரோவில் இருக்கும் உடுவில்காரர் ஒருவர், மாரி முழுக்க எடுத்தது போலவே, பின்னேரம் ஏழு மணிக்கு அம்மாவுக்குப் போன் எடுத்தார். மாரியில் அது உடுவிலில் திங்கள் விடிய ஐந்தரை; அம்மா முற்றம் கூட்டத் தொடங்கியிருப்பார். அன்று அங்கே நாலரை.

"ஐயோ தம்பி, ஆருக்கு என்ன நடந்தது?"

அந்த இருட்டில் வெளிநாட்டுப் போன் அடித்தால் யாழ்ப்பாணத்தில் அது செத்தவீட்டுச் செய்தி. ஒருவருக்கும் ஒன்றுமில்லை, விடிய இரண்டு மணிக்கு ஒன்ராறியோதான் மணிக்கூட்டை மூன்றுக்குத் தள்ளிவிட்டது என்று சொல்லிப் பார்த்தார். அம்மாவுக்குப் படபடப்பு அடங்கவில்லை. ஆகவே கடிதம் எழுதினார்.

கனடாவில் ஆறு நேர வலயங்கள் என்று தொடங்கினார். வன்கூவரில் மைத்துனர் ஏழு மணிக்குச் சாப்பிட்டு முடித்துக் கதைக்க எடுக்கும்போது ரொறன்ரோவில் பத்து. அவருக்குக் கலகலப்பு, இவருக்குக் கொட்டாவி. முன்பு ஊருக்கு ஊர் ஒரு நடுப்பகல் இருந்ததாம். 1883 நவம்பர் 18 அன்று ரயில் கொம்பனிகள் அந்தக் குழப்பத்தை முடித்துவைத்தன. சும்மா இருக்க முடியாமல் 1908 இல் போர்ட் ஆர்தர் என்ற ஒன்ராறியோ ஊர் கோடையில் மணிக்கூட்டை முன்தள்ளிப் பார்த்தது. சஸ்கச்சுவானின் பெரும்பகுதி இன்றுவரை மணிக்கூட்டைத் தொடுவதில்லை. ரெஜைனாவில் இருக்கும் சினேகிதர் ஓரிடமும் அசையாமலே மாரியில் ரொறன்ரோவுக்கு ஒரு மணித்தியாலம், கோடையில் இரண்டு மணித்தியாலம் பின்தங்குகிறார்.

அம்மாவின் பதில் பேத்தியின் கையெழுத்தில் வந்தது. "எங்களுக்கு உது தெரியாத விசயமே?"

தெரிந்த விசயம்தான். 1995 ஒக்ரோபரில் போரால் இடம்பெயர்ந்து, அடுத்த ஏப்ரலில் தென்மராட்சியிலிருந்து உடுவில் அடங்கிய வலிகாமத்துச் சனம் திரும்பி வந்து மூச்சு விடுவதற்குள், 1996 மே 25 அன்று இலங்கை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளினார்கள். நீர்த்தேக்கங்கள் வற்றிவிட்டன, மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது காரணம். உடுவிலில் மிச்சப்படுத்த இருந்தது ஜாம் போத்தல் விளக்கு. ஒக்ரோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தார்கள். மற்ற அரையை வைத்துக்கொண்டார்கள்.

புலிகள் இந்தப் புதிய நேரத்தை ஏற்கவில்லை. அவர்கள் கையிலிருந்த வன்னியில் பழைய நேரமே ஓடியது. 2002 இல் ஏ9 வீதி திறந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போனவர் முகமாலையில் வன்னிக்குள் நுழைந்ததும் அரை மணித்தியாலம் இளமையாகி, ஓமந்தையில் அதைத் தாண்டியதும் பழையபடி முதிர்ந்தார். கனடாக்காரருக்கு அரை மணித்தியாலம் மாற்ற அட்லாண்டிக் கரைவரை போகவேண்டும். எங்கள் ஆட்களுக்கு ஒரு பஸ் போதும். 2006 ஏப்ரல் 15 அன்று முழு நாடும் பழைய நேரத்துக்கே திரும்பியது.

அட்லாண்டிக் கரை என்றதும் மகனுக்கு இன்னொன்று எழுத வந்துவிட்டது. நியூபவுண்ட்லாந்தும் அரை மணி நேரக்காரர். மாரியில் உடுவிலுக்குச் சரியாக ஒன்பது மணித்தியாலம் பின்னே, கோடையில் எட்டு. நிமிட முள் ஒத்துப்போகும். 1986 ஓகஸ்ட்டில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டதும் அந்தக் கரையில்தான். அவர்களில் எவராவது ஊர் நேரத்தைக் கையில் கட்டியிருந்தால், மணி முள்ளை மட்டும் திருப்பியிருப்பார்.

அங்கே குடிபெயர்வோமா என்று மனைவியிடம் கேட்டாராம். மனைவி சொன்னதை அம்மாவுக்கு எழுதவில்லை.