மழுங்காத வேல்கள்

காஞ்சியில் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டியபோது ஔவை மெச்சித்தான் பேசினார். இங்குள்ள வேல்கள் பீலியும் மாலையும் சூடி, நெய் பூசிக் காவல் மனையில் மின்னுகின்றன. எம் மன்னன் அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அது. அதே தொண்டை நாட்டில் படாளத்தில் ரயிலேறி, பரனூரில் இறங்கி, மென்பொருள் எழுதப் போகும் தம்பி தங்கையரை நானும் அப்படியே பாராட்டுகிறேன்.

உங்கள் நிரல்கள் அழகானவை. மடிக்கணினியில் பூட்டியே இருப்பதால் அயலார் கை பட்டதில்லை. தமிழ் எழுத்துகளை எண்ணச் சொன்னால் கணினி தடுமாறும். ‘கொ’ நமக்கு ஓரெழுத்து, யூனிகோடில் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு. இதற்கு நீங்களே ஒரு துணுக்கு எழுதிவிட்டீர்கள். அடுத்த மேசைக்காரர் அதே சிக்கலில் நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டபோதும் உங்கள் அடக்கம் குலையவில்லை. இன்றுவரை யாரும் அதில் ஒரு பிழைகூடக் கண்டுபிடித்ததில்லை.

திறந்து வைத்தவர்கள் பாடுதான் பரிதாபம். முத்து அண்ணாமலையும் நண்பர்களும் பைத்தானில் எழுதிய ஓபன்-தமிழ் நிரலகம் இதே எழுத்தெண்ணும் வேலையைச் செய்கிறது. அதை யாரும் பிரித்துப் பார்க்கலாம், குறை சொல்லலாம், திருத்தி அனுப்பலாம். அதன் பிழைகள் ஊரறியப் பட்டியலில் நிற்கின்றன. முன்பின் தெரியாதவர்கள் வந்து சரிசெய்கிறார்கள். த. சீனிவாசன் 2012இல் தொடங்கிய கணியம் இதழோ, லினக்ஸ் முதல் பைத்தான் வரை கற்றதையெல்லாம் தமிழில் எழுதி, யாரும் பகிரலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொட்டிவிட்டது. தனக்கென்று எதையும் பூட்டி வைக்கத் தெரியவில்லை.

உங்கள் நிறுவனங்களின் பண்பும் பெரியது. லினக்ஸ், போஸ்ட்கிரஸ் என்று எதைக் கொடுத்தாலும் மறுக்காத பெருமனம்! திருத்தம் ஒன்றைத் திருப்பித் தந்து யாரையும் கடன்படுத்தாத கண்ணியம்! உலகமே இந்த மரபில்தான் நடந்தது. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோதுதான் தெரிந்தது, அந்த ஓட்டை இருந்த, இணையத்தின் பெரும்பகுதியைக் காத்த ஓபன்எஸ்எஸ்எல் நிரலகத்துக்கு ஆண்டு நன்கொடை சுமார் 2,000 டாலர், முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர் என்பது. கேளாதவருக்குக் கொடுத்து அவர் மானத்தைக் குறைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

படாளத்திலிருந்து அதே தண்டவாளத்தில் தெற்கே போனால் விழுப்புரம். அங்கே கட்டற்ற மென்பொருள் குழுவினர் கிராமப்புற மாணவர்களுக்கு நிரலாக்கம் சொல்லித் தருகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு உங்கள் துணுக்கு தேவைப்படும். அலுவலகத்துக்காக எழுதியது வேண்டாம், அது உங்களுடையது அன்று. சொந்த நேரத்தில் எழுதியதை, அதிலுள்ள பிழைகளோடும் ஓர் உரிமத்தோடும், இந்த வாரமே வெளியிடுங்கள்.