பிறகு பாப்பம் அண்ணை

வன்னியில் குளம் இல்லாத ஊரும் இல்லை, ‘பிறகு பாப்பம்’ அண்ணை இல்லாத ஊரும் இல்லை. கரடிப்போக்கில் ஒருவர், புதுக்குடியிருப்பில் ஒருவர், வவுனியா குருமன்காட்டில் ஒருவர் என்று பரந்து வாழ்கிறார்கள். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். முற்றத்து மாமரத்தின் கீழே ஒரு மொறிஸ் மைனர் நிற்கும். அதற்குப் பூச்சு மங்கினால் உடனே பூச்சு, ஹோர்ன் கம்மினால் உடனே புது ஹோர்ன். பிறேக் என்று யாராவது வாயெடுத்தால் மட்டும் மறுமொழி ஒன்றுதான்: “பிறகு பாப்பம்.”

அண்ணையின் கார் வருவதை ஊரார் காதால்தான் அறிவார்கள். ட்றம்முக்குள் உலோகத்தோடு உலோகம் உரசும் சத்தம் ஒரு ஒழுங்கை முந்தியே வந்து சேரும். கோழிகள் ஒதுங்கும். பிள்ளைகள் வேலியோடு ஒட்டி நிற்பார்கள். லைனிங் தேய்ந்து முடிந்து, அதைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் தலை வெளியே வந்து ட்றம்மைக் கீறுகிறது என்பதே அந்தச் சத்தத்தின் பொருள். அண்ணை சொல்லும் பொருள் வேறு. “சத்தம் வருதெண்டால் பிறேக் வேலை செய்யுது எண்டுதானே கணக்கு? சத்தம் நிண்டால் அப்ப யோசிப்பம்.”

அவரிடம் ஒரு பூகோளச் சித்தாந்தமும் உண்டு. “நுவரெலியாவிலை ஓடுறவனுக்குப் பிறேக் வேணும். வன்னியிலை மேடேது, பள்ளமேது? குளக்கட்டை விட்டால் ஏற்றமே இல்லை. காலை எடுத்தால் கார் தானா நிக்கும்.” நிற்கும்தான். எங்கே நிற்கும் என்பதைக் கார்தான் முடிவு செய்யும். மேடு பள்ளம் இல்லாததால் ஏ9 வீதி நூல் பிடித்ததுபோலக் கிடக்கிறது. அதனாலேயே எல்லோரும் அதில் பறக்கிறார்கள். இரவில் தார்ச்சூட்டுக்கு மாடுகள் வந்து வீதியிலே படுக்கின்றன. வேகம் இரண்டு மடங்கானால் பிறேக் பிடித்த பிறகு நிற்கத் தேவையான தூரம் நாலு மடங்காகும் என்ற பௌதிகம் மாட்டுக்குத் தெரியாது. அண்ணைக்குத் தெரியும். ஆனால் அது ஓ.எல். சோதனைக்குப் படித்தது, காருக்கு என்று படித்ததில்லை.

புகையிரதக் கடவை இன்னொரு சங்கதி. 1990இல் வடபகுதி ரயில் நின்றுபோனது. யாழ்தேவி மறுபடி கிளிநொச்சிக்கு வந்தது 2013 செப்டெம்பரில். இடையில் இருபத்து மூன்று வருடம் கடவையில் நிற்காமலே தாண்டிப் பழகிய கால் அவருடையது. இன்றைக்கும் கடவை வந்தால் அந்தக் கால் பிறேக்கைத் தேடாது, கை ஹோர்னைத் தேடும். ரயில் விலகிக்கொள்ளும் என்று எண்ணுகிறாரோ தெரியாது.

பயணம் போனால் குடும்பத்தில் ஆளுக்கொரு பதவி. அக்கா முன்சீற்றில் இருந்து வலது காலால் தரையை மிதித்தபடியே வருவார். காரில் ஒழுங்காக வேலை செய்யும் ஒரே பிறேக் அது. பேரன் பின்சீற்றில் மரக்கட்டையை மடியில் வைத்திருப்பான். கார் ஊரத் தொடங்கியதும் குதித்து ஓடிச் சில்லுக்கு முன்னால் கட்டை வைப்பது அவன் உத்தியோகம். முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் அண்ணை போகமாட்டார். நிற்பதற்கு அரை மைல் முன்பே கியரை இறக்கத் தொடங்குவார். நிற்க நினைத்தது பக்தியால். கச்சான்கடைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது பிள்ளையாரின் அருளால். 2025 தொடக்கத்தில் தேங்காய் ஒன்று இருநூறு ரூபாயைத் தாண்டியபோதும் அந்த நேர்த்தி குறையவில்லை. கிழமைக்கு ஒரு தேங்காய் என்றாலும் வருடத்தில் பத்தாயிரம் ரூபாய். அந்தக் காசை லைனிங்குக்குக் கொடுத்திருந்தால் பிள்ளையாருக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைத்திருக்கும்.

அவரைக் கஞ்சன் என்று ஒதுக்கிவிடக் கூடாது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் எரிபொருள், பற்றறி, உதிரிப்பாகம் எதுவும் வன்னிக்குள் வராத காலத்தில் காரோட்டிய மனிதர். காபரேற்றருக்குள் துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடியவர். அதே தொண்ணூறுகளில் தெற்கே ஒரு தொழிற்சாலை மொறிஸ் மைனருக்கு உதிரிப்பாகம் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கடல் கடந்து போன பாகம் வவுனியா கடந்து வரவில்லை. ஒரு நட்டைக்கூட எறியாமல் போத்தலில் போட்டு வைத்துக் காரை ஓட வைத்ததற்குப் பெயர் கெட்டித்தனம்தான். அந்தக் கார் 2009இல் முள்ளிவாய்க்காலோடு போயிற்று. இப்போது நிற்பது பிறகு யாழ்ப்பாணத்தில் வாங்கியது. பழக்கத்தை மட்டும் பழைய காரிலிருந்து கழற்றி இதற்குப் பூட்டிவிட்டார்.

பிறகும் காரணங்களுக்குக் குறைவில்லை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள்: “சாமானெல்லாம் விலை ஏறிப்போச்சு, பிறகு பாப்பம்.” 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனது: “பெற்றோலே இல்லை, ஓடாத காருக்கு என்ன பிறேக்?” 2025இல் இறக்குமதியைத் திறந்தார்கள்: “இனி விலை இறங்கும், பொறுத்துப் பாப்பம்.” நாடு எந்தப் பக்கம் போனாலும் அண்ணையின் பிறேக் தேய்ந்துகொண்டே போனது.

கடைசியில் அக்கா காரில் ஏறமாட்டேன் என்று சொன்ன பிறகுதான் கராஜுக்குப் போவார்.

“தம்பி, வலப்பக்க முன்சில்லிலைதான் சத்தம். அதை மட்டும் பார்.”

“ஒரு பக்கம் மட்டும் மாத்தினால் கார் ஒரு பக்கமா இழுக்கும் ஐயா.”

“இழுத்தால் நான் ஸ்ரேரிங்கை மற்றப் பக்கம் பிடிக்கிறன்.”

தம்பி சில்லைக் கழற்றிக் காட்டுவான். “ட்றம்மும் கீறுப்பட்டுப் போச்சு. கடைசல் போட வேணும். ரெண்டு மாசம் முந்தி வந்திருந்தால் லைனிங் காசோடை முடிஞ்சிருக்கும்.”

“கடைசல் பிறகு பாப்பம். பிறேக் ஒயிலும் வேண்டாம். அந்தக் காலத்திலை நாங்கள் சவுக்காரத் தண்ணி விட்டு ஓடினனாங்கள்.”

“அந்தக் காலத்திலை றோட்டிலை வேறை கார் இருந்ததோ ஐயா?”

முதன்முறையாக அண்ணைக்கு மறுமொழி வராது.

கையில் காசு குறைந்தவருக்கு அந்தத் தம்பி சொல்லும் கணக்குத்தான் சரியான கணக்கு. சூவைப் புதிதாக வாங்கத் தேவையில்லை. பழைய சூவிலேயே புது லைனிங் அடிக்கலாம். ட்றம் அளவுக்குள் இருந்தால் கடைசலோடு தப்பும். மிச்சம் பிடிப்பது அவ்வளவோடு நிற்க வேண்டும். முன்சில்லு என்றால் முன்சில்லு இரண்டுக்கும், பின்சில்லு என்றால் இரண்டுக்கும் சேர்த்தே லைனிங் மாற்ற வேண்டும். ஒயில் கசிந்தால் சிலிண்டருக்குள் இருக்கும் றபர் மாற்ற வேண்டும். பிறேக் ஒயில் உடைக்காத டின்னில் வாங்க வேண்டும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சூட்டில் ஆவியானால் மிதி தரை வரை இறங்கும். மொறிஸ் மைனரில் அந்த ஒயில் விடும் வாய் காரோட்டியின் காலடியில், கம்பளத்துக்குக் கீழே இருக்கிறது. அண்ணையின் கம்பளத்தைத் தூக்கி எத்தனை வருடமோ! பழைய லைனிங் தூசியை ஊதித் தள்ளவும் கூடாது; அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம்.

வருடாவருடம் வரி அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது சொந்தக் காருக்குக் கேட்பது காப்புறுதியும் புகைப் பரிசோதனையும். கார் எவ்வளவு புகைக்கிறது என்று அரசாங்கம் பார்க்கிறது. நிற்கிறதா என்று பார்க்கும் வேலையை எங்களிடமே விட்டிருக்கிறது. ஆகவே உங்கள் வீட்டிலும் ஒரு ‘பிறகு பாப்பம்’ அண்ணை இருந்தால், இன்றைக்கே முற்றத்தில் நிற்கும் காரில் ஏறிப் பிறேக்கை ஒருமுறை மிதித்துப் பாருங்கள். பிடிப்பதற்கு இரண்டாம் முறையும் மிதிக்க வேண்டியிருந்தால், காரை மாமரத்துக்குக் கீழேயே விட்டுவிட்டு, பஸ்ஸில் போய் அந்தத் தம்பியைக் கூட்டி வாருங்கள்.