ஆமாம், போட்டி நிறுவனத்தில்தான் இருக்கிறேன்

நான் வேலை பார்த்த மருந்து கம்பெனியின் மனிதவளத் துறைக்கு,

தாங்கள் அனுப்பிய 'எக்ஸிட் இன்டர்வியூ' படிவம் கிடைத்தது. நான் ஓய்வு பெற்றது 2025 ஏப்ரலில், மதுரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நேரத்தில். படிவம் வந்து சேர்ந்தது கார்த்திகை மழையில். போன ஆளிடம் ஏன் போனாய் என்று இவ்வளவு நிதானமாக விசாரிக்கும் பண்பு உங்கள் துறைக்கு மட்டுமே உண்டு. ஒரு கேள்விக்கு 200 எழுத்துக்கு மேல் உங்கள் கட்டத்தில் இடமில்லை. அதனால் பதிலை ஊரறியக் கடிதமாகவே எழுதிவிடுகிறேன். எனக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் ரெப்களும் படித்துக்கொள்ளட்டும்.

முதல் கட்டத்திலேயே சிக்கல். 'வகித்த பதவி' என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்ந்தபோது நான் மெடிக்கல் ரெப்ரசென்டேட்டிவ். பிறகு பிசினஸ் ஆபீசர் ஆக்கினீர்கள். கடைசியில் டெரிட்டரி மேனேஜர். பை அதே பை, வண்டி அதே வண்டி, மேலூரும் உசிலம்பட்டியும் அதே இடத்தில்தான் இருந்தன. "மேனேஜர்னா உங்களுக்குக் கீழ எத்தனை பேருங்க?" என்று வீட்டில் மனைவி கேட்டாள். வண்டியைத்தான் காட்ட முடிந்தது. இந்தப் பட்டாபிஷேகத்தின் ரகசியம் சங்கத்துக்காரர்கள் சொல்லித்தான் புரிந்தது. மருந்துப் பிரதிநிதி 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று 1994-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்களுக்கென்று மிஞ்சியது 1976-ல் வந்த விற்பனை மேம்பாட்டு ஊழியர் சட்டம். நிர்வாகப் பொறுப்பில் இருந்தவரை அந்தச் சட்டமும் தொடவில்லை. ஆக, விசிட்டிங் கார்டில் ஒரு 'மேனேஜர்' அச்சடித்தால் போதும், செலவு குறைவு, பலன் நிறைவு. உங்கள் பிராண்டுகளில் எதற்கும் இவ்வளவு நல்ல ரிசல்ட் வந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த கேள்வி: 'நிறுவனம் உங்கள் திறன்களை வளர்த்ததா?'

மனசாரச் சொல்கிறேன், வளர்த்தது. காத்திருக்கக் கற்றுக்கொடுத்தது. 'ரெப்கள் மதியம் 2 முதல் 3 வரை, 5 பேர் மட்டும்' என்று போர்டு தொங்கும் கிளினிக் வாசலில், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில், கழுத்தை இறுக்கும் டையோடு ஆறாவது ஆளாக நின்று பழகியவனுக்கு ரேஷன் கடை வரிசை எல்லாம் ஏசி அறை. உள்ளே கூப்பிட்டால் கிடைப்பது ஒன்றரை நிமிஷம். அதில் வணக்கம், விஷுவல் எய்டு, நாலு பிராண்டு, இரண்டு சாம்பிள், ஒரு சிரிப்பு. டாக்டர் கண் போனில் இருக்கும். நம் கண் அவர் பேனாவில் இருக்கும். வெளியே வந்ததும் பக்கத்து மெடிக்கலில் டீ வாங்கிக் கொடுத்து, எழுதினாரா இல்லையா என்று சீட்டு வேவு பார்க்க வேண்டும். அதற்கு 'ஆடிட்' என்று கௌரவமான பெயர்.

மற்ற திறன்களையும் சொல்லாவிட்டால் நன்றிகெட்டவன் ஆவேன். தட்கல் டிக்கெட் எடுப்பேன். டாக்டர் வீட்டுப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவேன். கல்யாண மண்டபத்தில் வாழை மரம் கட்டியிருக்கிறேன். 2024 மார்ச்சில் மருந்து விற்பனைக்கான ஒரே சீரான நெறிமுறை வந்து, மருத்துவருக்குப் பரிசு கூடாது, சாம்பிளின் மதிப்பு உள்நாட்டு விற்பனையில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் சொன்னது. வாழை மரம் பற்றி அதில் ஒன்றும் காணோம்.

உங்கள் செயலியை மட்டும் மறக்க முடியவில்லை. கிளினிக் வாசலில் நின்றால்தான் டாக்டரைப் பார்த்த 'கால்' பதிவாகும். நான்கு அடி தள்ளி நிழலில் ஒதுங்கினால் மேலதிகாரி ஏ.எஸ்.எம். போன் அடிப்பார். இன்றைக்கு நான் எங்கே இருக்கிறேன் என்று உலகத்தில் ஒருவருக்கும் கவலையில்லை. ஆரம்பத்தில் கொஞ்சம் அனாதை போல இருந்தது. ராத்திரி டி.சி.ஆர். என்ற தினசரி அறிக்கை எழுதாமல் தூக்கம் வராமல், பழைய டைரியில் 'காலை: காய்கறி மார்க்கெட். ஜாயின்ட் வொர்க்: மனைவி' என்று கொஞ்ச நாள் எழுதிப் பார்த்தேன். மேலதிகாரியோடு போன ஜாயின்ட் வொர்க் போலவே திட்டு வாங்குவது மட்டும் மாறவில்லை.

'எதிர்காலத் திட்டம் என்ன? போட்டி நிறுவனத்தில் சேரும் எண்ணம் உண்டா?' இந்தக் கேள்விக்குத்தான் வருகிறேன். அதற்கு முன் ஒன்று. 58 வரை நீடித்த என்னைப் போன்றவர்கள் அபூர்வம். எங்கள் செட்டில் பெரும்பாலானோரை நாற்பத்தைந்துக்கு முன்னாலேயே கழற்றிவிட்டீர்கள். வேலையை விட்டு எடுக்க மாட்டீர்கள், அது பாவம். மதுரைக்காரனை அசாமில் சில்சாருக்கு மாற்றுவீர்கள், அவனே ராஜினாமா எழுதிக் கொடுப்பான். அப்படிப் போனவர்களில் ஒருவர் இப்போது ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட். இன்னொருவர் தனியார் ஆஸ்பத்திரியில் பி.ஆர்.ஓ., கிராமத்து டாக்டர்களிடம் போய் நோயாளிகளை அனுப்பச் சொல்வது வேலை; ரூட் பழசுதான். ஒருவர் பைக் டாக்சி ஓட்டுகிறார். ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒரு காலத்து 'கோர் டாக்டர்' வீட்டு வாசலில் சவாரியை இறக்கிவிட்டு வந்ததாகச் சொன்னார். அவர்களுக்கெல்லாம் இந்தப் படிவம் அனுப்பினீர்களா தெரியவில்லை.

என் விஷயம். ஆமாம், போட்டி நிறுவனத்தில் சேர்ந்துவிட்டேன். அதன் தலைமையகம் சென்னைக் கோட்டையில் இருக்கிறது. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடு அரசு ஒரே நாளில் 1,000 'முதல்வர் மருந்தகம்' திறந்தது அல்லவா? அவற்றில் ஒன்றை என் தங்கை மகள் எடுத்து நடத்துகிறாள். பி.பார்ம். படித்தவள். மருந்து கொடுப்பது அவள். பில் போடுவதும் வாய் பேசுவதும் மாமாவின் பொறுப்பு. வேலையில் சேரும்போது போட்டியாளரிடம் போகமாட்டேன் என்று கையெழுத்து வாங்கியிருந்தீர்களே, வழக்குப் போடுவதானால் பிரதிவாதி யாரென்று உங்கள் வக்கீலிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பயிற்சி எவ்வளவு ஆழமாக வேலை செய்திருக்கிறது என்பதை இந்தக் கவுண்ட்டருக்கு வந்துதான் பார்த்தேன். போன வாரம் ஓர் அம்மா. எழுபதைத் தாண்டியிருக்கும். முந்தானை முடிச்சிலிருந்து பாதி கத்தரித்த மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். சர்க்கரை மாத்திரை, உங்கள் பிராண்டு. அதே மெட்பார்மின் 500 எங்களிடம் என்ன விலை என்று சொன்னேன்.

"ஏந்தம்பி, இம்புட்டுக் கம்மியா இருக்கே, கேக்குமா?"

உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. 'விலை கம்மியாக இருக்கிறதே, கேட்குமா டாக்டர்?' என்ற இதே வரியை நாலு மாவட்டத்து டாக்டர்களிடம் தணிந்த குரலில் சொல்ல நீங்கள்தானே என்னைத் தயார் செய்தீர்கள்? சைக்கிள் மீட்டிங்கில் கண்ணாடி முன் நிறுத்தி ஒத்திகை பார்த்தீர்களே. டாக்டர் நோயாளியிடம் சொல்லி, நோயாளி அண்டை வீட்டில் சொல்லி, உசிலம்பட்டி சுற்றி அது என்னிடமே திரும்பி வந்துவிட்டது. ஒரு விளம்பரத்துக்கு இதைவிட நல்ல ரீச் கிடைக்காது.

அந்த அம்மாவிடம் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். பெரிய எழுத்தில் இருப்பது விற்பவர் பெயர்; பொடி எழுத்தில் இருப்பது தயாரித்தவர் பெயர். பல பெரிய கம்பெனிகள் இமாச்சலப் பிரதேசத்தின் பத்தி போன்ற ஊர்களில் ஒப்பந்த ஆலைகளில் மருந்து செய்து வாங்கி, தங்கள் பெயரை ஒட்டுகின்றன என்ற சங்கதியை விஷுவல் எய்டு இல்லாமலே டீடெயிலிங் செய்தேன். "அப்ப பேருக்குத்தான் இம்புட்டுக் காசா?" என்றார். பேருக்கும், எனக்கும், என் பெட்ரோலுக்கும், என் டி.ஏ.வுக்கும், வாழை மரத்துக்கும் அம்மா என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. சீட்டில் பிராண்டு பெயர் இருந்தால் நாங்களாக மாற்றித் தர முடியாது, சட்டம் அப்படி. மருந்தின் மூலப்பெயரில் எழுதி வாங்கிவரச் சொல்லி அனுப்பினேன். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் டாக்டர்கள் மூலப்பெயரில்தான் எழுத வேண்டும் என்று விதி போட்டு, அந்த மாதமே அதை நிறுத்தியும் வைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். நிறுத்தாமல் இருந்திருந்தால் அந்த அம்மாவுக்கு இரண்டாம் நடை மிச்சமாகியிருக்கும்.

'ஓய்வுக்காலப் பலன்கள் திருப்தியா?' என்ற கேள்விக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போடச் சொல்கிறீர்கள். எனக்குக் கணக்குதான் வரும். பி.எஃப். ஓய்வூதியம் என்பது ஓய்வூதியச் சம்பளத்தைப் பணி வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பது. அந்தச் சம்பளத்துக்கு 2014 ஆகஸ்ட் வரை உச்சவரம்பு 6,500 ரூபாய், செப்டம்பரிலிருந்து 15,000. வாழ்நாள் முழுக்க ஓடியவன் கைக்கு மாதம் நாலாயிரத்துச் சொச்சம் வருகிறது. கூடுதல் ஓய்வூதியம் கேட்கலாம் என்று 2022 நவம்பர் 4-ல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டபோது ஓடிவந்தேன். முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். கட்டியவர்களுக்குத்தான் அந்தக் கதவு என்றார்கள். நீங்கள் உச்சவரம்புக்கு மேல் ஒரு ரூபாய்க்கும் கட்டவில்லை. அடிப்படைச் சம்பளத்தைச் சுண்டைக்காய் அளவில் வைத்துவிட்டு, ஸ்பெஷல் அலவன்ஸ், கிட் அலவன்ஸ், மொபைல் அலவன்ஸ் என்று மீதியை அள்ளிவிட்டதன் அருமை இப்போதுதான் தெரிகிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், படிகள் பாதியைத் தாண்டினால் தாண்டியதும் ஊதியக் கணக்கில்தான் சேரும். நான் சில மாதம் முந்தி ரிட்டயர் ஆகிவிட்டேன். டைமிங் எனக்கு எப்போதுமே கிடையாது, மூன்று மணிக்குப் பிறகு கிளினிக்குக்குப் போனவன்தானே.

'நண்பருக்கு எங்கள் நிறுவனத்தைப் பரிந்துரைப்பீர்களா?' பரிந்துரைப்பது டாக்டர் வேலை. எனக்கு அதிகாரமில்லை.

படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி கண்டேன். பொடி எழுத்து படிப்பது என் தொழில். படிவத்தைப் பூர்த்தி செய்தால்தான் பணிக்கொடை பரிசீலிக்கப்படுமாம். நான் ஓய்வு பெற்றபோது நடப்பில் இருந்த 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி ஊழியர் விண்ணப்பித்தாலும் விண்ணப்பிக்காவிட்டாலும் தொகையைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியது நிறுவனம். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாமதித்தால் வட்டியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நட்சத்திரம் போட்டால்தான் என்று அதில் ஒரு பிரிவும் இல்லை.

ஆகவே இந்த மாதக் கடைசி வரை டைம். மாதக் கடைசி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பணம் வரவில்லை என்றால் தொழிலாளர் துறை அதிகாரியிடம் கொடுக்க மனு தட்டச்சு செய்து தயாராக இருக்கிறது, சங்கத்துத் தோழர்கள் கூட வருகிறார்கள். மழை, சர்வர் டவுன், மேலிடத்து ஒப்புதல் வரவில்லை போன்ற காரணங்கள் ஏற்கப்படமாட்டா. டார்கெட் அடிக்காததற்குக் காரணம் சொல்லக்கூடாது என்பது உங்கள் பாலிசி.

இப்படிக்கு,
முன்னாள் டெரிட்டரி மேனேஜர்,
மதுரை ஹெட்குவார்ட்டர்ஸ்