டி டிரைவ் வாத்தியார்

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வைத்து எங்கள் வாத்தியாரிடம் சீயமங்கலம் குகைக்கோயிலுக்கு வழி கேளுங்கள். "நம்ம வூட்டுத் திண்ணையில இருந்து கிளம்புனா..." என்று ஆரம்பிப்பார். கேட்டவன் அவர் வீட்டுத் திண்ணையில் இல்லை என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. பாஸ்கல் ப்ரோகிராமும் அப்படித்தான் எழுதுவார்.

ஃபைலின் பெயரைச் சொல்லும் அஸைன் வரியில் டி டிரைவில் தொடங்கி, ஃபோல்டர், உள் ஃபோல்டர், ஃபைல் என்று முழு விலாசம் இருக்கும். படிக்கும் இடத்தில் ஒருமுறை, எழுதும் இடத்தில் ஒருமுறை, ரிப்போர்ட்டில் மறுபடி. "மேலே ஒரு கான்ஸ்ட் போட்டுடலாமே சார்?" என்றால், "எதுக்குப்பா? நம்ம மெஷின்ல ஓடுதே!"

ஓடும், அந்த ஒரு மெஷினில். மாணவனின் லேப்டாப்பில் டி என்பது சிடி டிரைவ். லினக்ஸில் டி என்ற ஒன்றே கிடையாது. ஃப்ரீ பாஸ்கல் நல்ல பிள்ளை, அவர் போட்ட பின்சாய்வுக் கோட்டை அங்கே தானாகவே திருப்பிப் படித்துக்கொள்ளும்; டி டிரைவுக்கு அது எங்கே போகும்? ரன்டைம் எரர் 2 வந்தால் ஃபைல் இல்லை, 3 வந்தால் போகிற வழியே இல்லை. இந்த எண்கள் கண்ணில் படக்கூடாது என்று தலைப்பிலேயே 'ஐ மைனஸ்' போட்டுவிடுவார். அப்படிப் போட்டால் பிழை வந்ததா என்று ஐஓரிசல்ட்டைக் கேட்க வேண்டும்; அதை மட்டும் கேட்கவே மாட்டார். ப்ரோகிராம் சமர்த்தாக ஓடி, மொத்தம் பூஜ்யம் என்று காட்டும்.

வீர்த் வகுத்த பாஸ்கலில் அஸைனே கிடையாது. ஃபைலின் பெயர் ப்ரோகிராம் தலைப்பில் நிற்கும்; அது எந்த டிஸ்கில் கிடக்கிறது என்பது இயக்குபவர் பாடு. 1983-ல் வந்த டர்போ பாஸ்கல்தான் வாத்தியார் கையில் அஸைனைக் கொடுத்துக் கெடுத்தது. ப்ரோகிராம் எங்கிருந்து கிளம்பியது என்று பாராம்ஸ்ட்ர்(0) சொல்லும், ஃபோல்டரை மட்டும் பிரித்துத் தர எக்ஸ்ட்ராக்ட்ஃபைல்பாத் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தார். மகேந்திரவர்மன் அவர் ஊரான சீயமங்கலத்துப் பாறையில் அவனிபாஜன பல்லவேஸ்வரம் என்று வெட்டிவிட்டுப் போனான், சரி. அந்தப் பாறையை யாரும் பென்டிரைவில் போட்டு எடுத்துப் போகப் போவதில்லையே!

ஆனால் பாயிண்டரை அவரைப் போலப் புரியவைக்க ஆள் இல்லை. பிகினும் எண்டும் அவர் எழுதினால் நாற்று நட்ட மாதிரி வரிசையாக நிற்கும். அதனால்தான் இத்தனை வருஷம் பொறுத்துப் போனோம்.

டெஸ்ட் டேட்டா விஷயத்தில் மட்டும் பொறுக்க முடியாது. ஒரு அரிசி ஆலைக்கு நெல் எடைக் கணக்கு எழுதிக் கொடுத்தார். 'டெஸ்ட்' என்று பெயர் வைத்த ஃபோல்டரில்தான் ஆலையின் நிஜக் கணக்கும் இருந்தது. ரீரைட் யாரையும் கேட்காது. பழைய ஃபைல் இருந்தால் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். புது ரிப்போர்ட்டைச் சோதிக்கிறேன் என்று அவர் ஒருமுறை ஓட்டியதில் சம்பா எடை முழுக்கப் போய், 'ராமன் 100, கிருஷ்ணன் 200' மட்டும் மிஞ்சியது. விவசாயிகள் எடைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திரும்ப டைப் அடித்தது நான். பேக்கப் எங்கே என்றதற்கு, "அதே ஃபோல்டர்லதான்பா இருந்துது" என்றார். இது சிரிக்கிற விஷயம் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு மாற்றம் செய்திருக்கிறார். ப்ரோகிராமில் இல்லை. டி டிரைவ் இல்லாத மெஷின் எதுவானாலும் போய் உட்கார்ந்து, சப்ஸ்ட் கட்டளை அடித்து, ஏதோ ஒரு ஃபோல்டரை டி டிரைவாக்கிக் கொடுத்துவிட்டு வருகிறார். மெஷினை நிறுத்திப் போட்டால் அந்த டி போய்விடும். மறுநாள் காலையில் போன் எனக்குத்தான் வருகிறது.