கதவு வைத்த தொட்டி

லண்டன் அண்ணா நேற்றும் வீடியோவில் வந்தார். அம்மாவின் முழங்காலில் அக்கறை கூடக் கூட அவருடைய முகம் திரைக்குக் கிட்ட வரும். நேற்று மூக்கு மட்டும்தான் தெரிந்தது. "பார்த்து வைச்சிட்டன். கதவு வைச்ச பாத்டப். அம்மா காலைத் தூக்கத் தேவையில்லை, நடந்தே உள்ள போகலாம். நீ நிறத்தை மட்டும் சொல்லு."

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒருவர் வெளிநாட்டில் இருப்பார். முழங்கால் பிடித்தவர்களுக்கு எந்தத் தொட்டி நல்லது என்று மூன்று வரியில் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன். அதற்கு முதல் அந்தக் கதவு.

ஆள் உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் பைப்பைத் திறக்கலாம். முன்கூட்டியே நிரப்பி வைத்தால், கதவைத் திறந்ததும் தண்ணீர் விறாந்தைக்கு வந்துவிடும். ஆகவே உடுப்பில்லாமல் ஆசனத்தில் இருந்துகொண்டு, கணுக்காலில் தொடங்கிய தண்ணீர் நெஞ்சுக்கு ஏறும்வரை சுவரைப் பார்க்கவேண்டும். குளித்து முடிந்ததும் எழும்பலாமோ என்றால், அதுவும் இல்லை. வடிந்து முடியும்வரை உள்ளேதான். கதவு உட்பக்கம் திறப்பதென்றால் தண்ணீரின் அழுத்தமே அதை இறுக்கிப் பிடித்திருக்கும். வெளிப்பக்கம் திறப்பதென்றால் சக்கர நாற்காலியிலிருந்து மாறி இருக்கச் சுகம். ஆனால் பாரம் முழுக்கப் பூட்டிலும் இறப்பரிலும். எங்கள் ஊரான மயிலிட்டியின் தண்ணீரோ சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிவது இறப்பரை மட்டும் விட்டுவைக்குமா? பாதியில் மேல்தாங்கி வற்றி, அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனால்? இடுப்பளவு தண்ணீரில் அம்மா. வெளியே துவாயோடு நான். திறந்துவிட்டால் தண்ணீர் வீண், விடாவிட்டால் அம்மாவுக்குத் தடிமன். பக்கத்து வீட்டு மச்சாள் வந்து "மாமி எங்க?" என்றால், "வடியிறா" என்றா சொல்வது? தொட்டி எப்படி என்று பார்க்க அண்ணாவும் அப்போதுதான் வீடியோவில் வருவார்.

அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். "நான் என்ன, ஐஸ் பெட்டிக்குள்ள கிடக்கிற மீனே?" என்றா. தலையில் ஊற்றின தண்ணீர் ஓடி வாழைக்குப் போகவேண்டும். அழுக்குத் தண்ணீரில் ஊறிக் கிடப்பதெல்லாம் அவவின் கணக்கில் குளிப்பே இல்லை.

1990 ஜூனில் போரால் மயிலிட்டியை விட்டு ஓடினோம். துறைமுகமும் அதைச் சுற்றிய கொஞ்சக் காணியும் இராணுவத்திடமிருந்து விடுபட்டது 2017 ஜூலையில். அந்த 27 வருடமும் அம்மா குளித்தது ஊரார் கிணற்றடியில், வீட்டுக்காரர் குளித்து முடியும்வரை வாளியோடு ஒதுங்கி நின்று. அப்போது ஒருவரும் நிறம் கேட்கவில்லை.

அண்ணா இருக்கும் இங்கிலாந்தில் இப்படியான வீட்டு மாற்றங்களுக்கு உள்ளூராட்சி சபை 30,000 பவுண் வரை உதவி தரும். அந்தக் காசில் எத்தனையோ பேர் இருந்த தொட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, வழுக்காத சமதரையில் ஷவர் போடுகிறார்கள். இலங்கையில் 2006ஆம் ஆண்டின் அணுகும் வசதி ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களுக்குத்தான். எங்கள் குளியலறையை அவை எட்டியும் பார்க்காது. அங்கே அம்மா பிடித்து எழும்புவது துவாய் போடுகிற கம்பியை. அதன் ஒரு பக்கத்து ஆணி சுவரைவிட்டு அரை விரல் வெளியே வந்து நிற்கிறது. சுவரில் ஆழமாய் இறுக்கிய ஒரு நல்ல கைப்பிடி, கால் வழுக்காத இறப்பர் நுனி வைத்த ஒரு குளியல் கதிரை, வாசலில் அந்த நாலு விரல் படியை உடைத்துச் சரிவாக்க ஒரு மேசன். இவ்வளவுதான் வேண்டும் என்று அண்ணாவிடம் சொன்னேன்.

"உதெல்லாம் சின்ன வேலை, நீயே செய்யலாம்" என்று வைத்துவிட்டார்.

இன்று காலை இன்னொரு படம் அனுப்பியிருக்கிறார். தண்டவாளத்தில் ஏறி இறங்குகிற கதிரை. பொத்தானை அமத்தினால் அம்மாவை மாடிக்குக் கொண்டுபோய் விடுமாம். எங்கள் வீட்டுக்கு மாடி இல்லை.